ஒன்றரை இன்ச் நறுக்கலாமா பாஸ்?

கிரிவலம் போறப்ப பார்த்திருப்பீங்க. 14 கிலோமீட்டருக்கும் துணைக்கு வர்ற ஊன்றுகோல் ஆளோட உயரத்துக்குத் தோதா இல்லேன்னா, நடையே மாறிடும். கோல்ஃப் மட்டையும் அப்படித்தான் பாஸ்! (திருவண்ணாமலையில ஏது கோல்ஃபுங்கறீங்களா? டி.வி.யில பார்க்கலாமே!)

தூரமா அடிக்கிற 'டிரைவர்' மட்டை இப்போ கடைகள்ல பெரும்பாலும் 45 இன்ச்சுக்கு மேலதான். நீளம் கூடினா வேகம் கூடும். ஆனா பந்து நடுவுல படாம விளிம்புல பட்டா... நேரா புதருக்குள்ள! 2000-ல டைகர் உட்ஸ் யு.எஸ். ஓப்பனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்துல அள்ளினப்போ, அவர் டிரைவர் 43.5 இன்ச்தான்.

அப்போ ரம்பத்தை எடுத்துடலாமா? வெயிட்! நம்ம மெக்கானிக்கல் பசங்க மனப்பாடம் பண்ற அதே கான்டிலீவர் ஃபார்முலா இங்கே வரும். வளைவு, நீளத்தோட க்யூபைப் பொறுத்தது. 45-ஐ 43.5 ஆக்கினா வளைவு சுமார் 10 சதவிகிதம் அவுட். ஷாஃப்ட் விறைப்பாயிடும், தலை லேசான மாதிரி தோணும். அதனாலதான் பிடிப் பக்கம் ஒரு இன்ச் வெட்டினா, தலையில சுமார் 12 கிராம் ஈயப் பட்டை ஒட்டுறாங்க.

அப்பாவோட பழைய மட்டையைப் பாதியா நறுக்கி குட்டிப் பையன்கிட்ட கொடுக்குறதுதான் கொடுமை. ஷாஃப்ட் உலக்கை மாதிரி விறைச்சு நிக்கும், தலையோட எடையோ அப்படியே இருக்கும். அவன் மட்டையைச் சுழற்ற மாட்டான், மட்டை அவனைச் சுழற்றும்!

உங்களுக்கே சந்தேகமா? பிடியில ஒன்றரை இன்ச் கீழே இறக்கிப் பிடிச்சு ஒரு வாரம் ஆடிப் பாருங்க. செலவு ஜீரோ. ரம்பம் எங்கேயும் ஓடிப் போகாது.