வேகம் இருக்கிறது, தொடர்பு இல்லை

ஆடிக் காற்று தொடங்கியது முதல் தச்சநல்லூரில் எங்கள் வீட்டு இணையம் விட்டுவிட்டு அறுந்தது. வீட்டிலிருந்தே பணிபுரியும் மகளின் காணொலிக் கூட்டங்கள் பாதியில் நின்றன. வேலைக்கே ஆபத்து வந்தது. வேகத்தில் குறைவில்லை என்று கூறி நிறுவனம் இருமுறை புகாரை முடித்துவைத்தது.

வேகச் சோதனை சில நொடிகளையே அளக்கிறது. பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதை அது சொல்லாது. மடிக்கணினியை ரவுட்டருடன் கேபிளில் இணைத்து, 'பிங்' கட்டளையை இரண்டாக ஓடவிட்டேன்: ஒன்று ரவுட்டருக்கு, மற்றொன்று கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு. ரவுட்டர் தவறாமல் பதிலளித்தது. வெளியிலிருந்து வரும் பதில் மட்டும் நின்றுநின்று வந்தது. ஆக, வைஃபை குற்றவாளி அன்று. (கேபிளில் சீராக இருந்து வைஃபையில் மட்டும் அறுந்தால், அண்டை வீட்டு அலைகளின் நெரிசலைச் சந்தேகிக்கலாம்.) அறுந்த வேளைகளில் பெட்டியின் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தது. கண்ணாடி இழை வழியே ஒளி வந்துசேரவில்லை என்பதே அதன் பொருள்.

ஒரு வாரம் நேரங்களைக் குறித்து, விளக்கின் படத்துடன் மீண்டும் புகாரளித்தேன். 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தீர்வில் நிறைவில்லையெனில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம். 39 நாட்களுக்குள் அது முடிவு சொல்ல வேண்டும். புகார் எண்ணை அதற்காகவே பத்திரப்படுத்தினேன்.

மேல்முறையீடு தேவைப்படவில்லை. வந்த பணியாளர் தெருமுனைக் கம்பத்தில் ஏறினார். காற்றில் ஆடி ஆடி இழையின் இணைப்பு தளர்ந்திருந்தது. பத்து நிமிடங்களில் சரிசெய்தார்.