சிவப்பு மையும் ஊற்றுப்பேனையும்

விடைத்தாளில் நாம் பாவிக்கக்கூடாத நிறம் சிவப்பு. அது திருத்துபவருக்குரியது. ஆனால் பரீட்சைக்கு ஆயத்தமாகும் காலத்தில் நமக்கு அதிகம் உதவும் நிறமும் அதுதான். கடந்தகால வினாத்தாளொன்றை நீல மையால் செய்து, புள்ளியிடும் திட்டத்தை வைத்து நாமே சிவப்பு மையால் திருத்திவிட்டால், மூன்று மாதம் கழித்துக் கொப்பியைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது இன்னும் படிக்கவேண்டிய இடம்தான். எந்த மையை வாங்குவது, அதை எப்படிப் பாவிப்பது என்பதைப் பற்றி நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சிவப்பு மை மூலப் பாடத்தை எழுதுவதற்கானதல்ல, அதன் பக்கத்தில் நின்று உதவுவதற்கானது. இந்தப் பழக்கம் மிகப் பழையது. பண்டைய எகிப்தின் எழுத்தர்கள் கறுப்பு மையால் எழுதிக்கொண்டு போய், தலைப்புகளை மட்டும் செங்காவியால் எழுதினார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் அல்குர்ஆனின் பழைய பிரதிகள். ஆரம்பகாலப் பிரதிகளில் உயிர்க்குறிகள் இருக்கவில்லை. அறபைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் இஸ்லாத்தில் இணைந்தபோது பிழையின்றி ஓதுவதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஹிஜ்ரி 69இல் மரணித்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள், மூலத்தின் மையிலிருந்து வேறுபட்ட நிறத்தில் புள்ளிகளை இடச் செய்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எழுத்துக்கு மேலே புள்ளி இருந்தால் 'அ', கீழே இருந்தால் 'இ', முன்னால் இருந்தால் 'உ'. அக்காலத்துப் பிரதிகளைப் படங்களில் பாருங்கள். கறுப்பு எழுத்துகளுக்கிடையே சிவப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். மூலத்தில் ஓர் எழுத்தும் கூடவில்லை. ஓதுபவருக்கான உதவி மட்டும் வேறு நிறத்தில் நிற்கிறது.

இனி மைக்கு வருவோம். பல சிவப்பு மைகளில் இருப்பது இயோசின் அல்லது அதையொத்த சாயம். கிரேக்க மொழியில் வைகறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு இந்தப் பெயர் வந்தது. உயிரியல் ஆய்வுகூடத்தில் இழையங்களுக்கு இளஞ்சிவப்பு நிறமூட்டுவதும் இதே சாயம்தான். 1870களில் செய்யப்பட்ட இது பளிச்சென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வெளிச்சத்தைத் தாங்காது. ஓவியர் வின்சென்ட் வான் கோ 1890இல் வரைந்த ரோசாப்பூக்களில் இந்தச் சாயம் சேர்ந்த வர்ணத்தைப் பாவித்தார். அன்று இளஞ்சிவப்பாக இருந்த அந்தப் பூக்கள் இன்று ஏறத்தாழ வெள்ளையாகிவிட்டன.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உம்மாவின் வாப்பா ஓதிக்கொடுத்த கிதாபு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கடினமான அறபுச் சொற்களுக்கு ஓரங்களில் அறபுத்தமிழில் கருத்து எழுதியிருக்கிறார். கறுப்பு மையால் எழுதியவை அப்படியே இருக்கின்றன. சிவப்பு மையால் எழுதியவை, அதிகம் திறக்கப்படாத பக்கங்களில் இளஞ்சிவப்பாகவும், சன்னலோரத்தில் விரித்து வைத்து ஓதிய பக்கங்களில் மங்கிய மஞ்சள் கோடாகவும் மாறிவிட்டன. எங்கள் குடும்பத்தில் அறபுத்தமிழை வேகமாக வாசிக்கக்கூடியவர் இப்போது பெரியும்மா ஒருவர்தான். அவர் வாசிக்க வாசிக்க, தெரிகின்ற வரையில் நான் வேறொரு கொப்பியில் பென்சிலால் எழுதிவருகிறேன். பென்சிலில் இருக்கும் காரீயம் வெளிச்சத்தில் மங்குவதில்லை. மூன்று பக்கங்களில் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய எதையும் சிவப்பு மையால் மட்டும் எழுதாதீர்கள். வாங்கிய மை எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதும் இலகு. ஒரு தாளில் சில வரிகள் எழுதி, பாதியை மட்டையால் மூடி, வெயில்படும் சன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். மட்டையை எடுத்ததும் இரண்டு பாதிகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். வடிதாள் துண்டொன்றில் ஒரு துளி மையிட்டு, துளி நனையாதவாறு நுனியை மட்டும் நீரில் வைத்தால், சில சிவப்பு மைகளிலிருந்து செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் தனித்தனியாக ஏறுவதைக் காணலாம்.

நிறத்திலும் வேறுபாடுகள் உண்டு. செம்மஞ்சள் கலந்த சிவப்பு, மெல்லிய நிப்பால் எழுதும்போது வெளிறித் தெரியும். இங்கிலாந்தின் டயமைன் நிறுவனம் விற்கும் ஒக்ஸ்பிளட் போன்ற கருஞ்சிவப்புகள் அழகானவை; நீண்ட குறிப்புகளை வாசிக்கும்போது கண்ணுக்கும் இதமானவை. ஆனால் கறுப்பு எழுத்தின் பக்கத்தில் அவை எடுபடுவதில்லை. சிவப்பு–பச்சை நிறக்குருடு உள்ள சிலருக்குக் கருஞ்சிவப்பும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும். அந்தப் பரம்பரையலகு X நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்களிடையே இது அதிகம் என்று படித்திருக்கிறோம். ஆண்பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியர்கள் இதைக் கவனிப்பது நல்லது. என் தெரிவு நடுத்தரமான, சுத்தமான சிவப்பு.

நமது அப்பியாசக் கொப்பிகளின் தாள் மெல்லியது. அதில் தடித்த நிப்பால் எழுதினால் மை இழைபிரிந்து பரவும், மறுபக்கத்திலும் தெரியும். மெல்லிய நிப்பே பொருத்தம். முதலில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அழுத்தி எழுதவேண்டாம். குமிழ்முனைப் பேனையைப் போல ஊற்றுப்பேனைக்கு அழுத்தம் தேவையில்லை. நிப்பின் பிளவினூடாக மயிர்த்துளைமையால் மை தானாகவே இறங்கும். நாற்பது கொப்பிகளை ஒரே இரவில் திருத்தும் கைக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பதை ஆசிரியைகளின் பிள்ளைகள் அறிவார்கள்.

திருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிவப்புப் பேனையால் திருத்தியவர்கள் நீலப் பேனையால் திருத்தியவர்களைவிட அதிகமான பிழைகளைக் குறித்திருந்தார்கள். அதற்காகச் சிவப்பை விலக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கே பிழை என்று தேடி அலைவதைவிட அது மேல். ஆனால் பக்கம் முழுவதற்கும் குறுக்கே இழுத்த ஒரு கோட்டிலிருந்து பிள்ளை எதையும் கற்பதில்லை. அதே மையால் ஓரத்தில் எழுதும் ஒரு சரியான சொல்லிலிருந்து கற்கும்.

கடையில் வாங்கும்போது போத்தலின் மேலட்டையை வாசியுங்கள். முத்திரை குத்தும் மையும் சிவப்பு நிறத்தில், அதேபோன்ற சிறிய போத்தலில் வரும். அதைப் பேனைக்குள் விடக்கூடாது. அரக்குச் சேர்ந்த சித்திர மையும் அப்படித்தான். உள்ளே காய்ந்து நிப்பை அடைத்துவிடும். இரண்டு மைகளைக் கலக்கவும் வேண்டாம். இரும்புச் சேர்வை உள்ள நீலக்கறுப்பு மை அமிலத்தன்மையானது. இயோசின் அமிலத்தில் கரையாமல் வீழ்படிவாகும். அந்த வீழ்படிவு பேனைக்குள் உண்டானால் எழுதுவது நின்றுவிடும்.

சிவப்புக்கென்று ஒரு பேனையை ஒதுக்கிவிடுவதே சுகம். வெளியே தெரியும் பிளாஸ்டிக் பேனையில் சிவப்பின் கறை இலேசில் போகாது. மாதம் ஒருமுறை சாதாரண தண்ணீரை ஏற்றி இறக்கிக் கழுவுங்கள். சுடுதண்ணீரும் ஸ்பிரிட்டும் வேண்டாம். தவணை விடுமுறைக்கு முன் மையை வெளியேற்றிக் கழுவி, நிப்பைத் துணியில் ஒற்றி உலரவிடுங்கள். பையில் வைக்கும்போது நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும். நமது சீருடை வெள்ளை.