பந்தயத் தடமும் மின்சாரக் காரின் சூடும்

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், பரிசையோ பதக்கத்தையோ நாடாமல், கட்டணம் செலுத்திப் பந்தயத் தடத்தில் தங்கள் காரை அதன் முழுத் திறனுக்கு ஓட்டிப் பார்ப்பதற்கென ஒதுக்கப்படும் நாள் 'டிராக் டே' எனப்படுகிறது. அன்று யாரும் யாரையும் வெல்ல வேண்டியதில்லை. கார்கள் வேகத்துக்கேற்பக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழு பதினைந்து இருபது நிமிடங்கள் ஓடி வெளியேறியதும் அடுத்த குழு உள்ளே செல்கிறது. தலைக்கவசம் அணிவதும், அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டும் முந்துவதும், தடத்தோரம் கொடியுடன் நிற்கும் மார்ஷல்களின் ஆணைக்கு உடனே கட்டுப்படுவதும் எல்லோருக்கும் பொதுவான விதிகள். பெட்ரோல் கார்களுக்கென வளர்ந்த இந்த வழக்கத்துக்குள் மின்சாரக் கார் நுழையும்போது எவையெல்லாம் மாறுகின்றன என்பதை அறிந்துகொள்ளச் செங்கல்பட்டுச் சீமையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்திய பின்னர், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனத் தடம் ஒன்றை அமைத்தது. 1990-இல் பயன்பாட்டுக்கு வந்த அத்தடம் இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என வழங்குகிறது. அதன் முழுச்சுற்று 3.717 கி.மீ. சோழவரம் இப்போது திருவள்ளூர் மாவட்டத்திலும் இருங்காட்டுக்கோட்டை காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இருந்தாலும், 1997-இல் பிரிக்கப்படும்வரை இரண்டுமே பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. அந்தப் பழைய எல்லைக்குள்தான் இன்று மின்சாரக் கார்த் தொழிலோடு தொடர்புடைய பல நிறுவனங்கள் இயங்குகின்றன. ஹூண்டாய் ஆலை பந்தயத் தடம் உள்ள அதே இருங்காட்டுக்கோட்டையில் இயங்குகிறது. செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலையும், 2024 நவம்பரில் வெளியான பி.இ. 6 உள்ளிட்ட மின்சாரக் கார்களின் பொறியியல் பணிகள் நடந்த மகிந்திரா ரிசர்ச் வேலியும் உள்ளன. மகிந்திரா நிறுவனம் ஃபார்முலா இ என்னும் உலக மின்சாரக் கார் பந்தயத்தில் அதன் முதல் பருவமான 2014-15 தொட்டே பங்கேற்கிறது. அந்த முதல் பருவத்தில் அதன் காரை ஓட்டிய இருவருள் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் ஒருவர். ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர்கள் 2022-இல் தங்கள் முதல் மின்சார ஃபார்முலா காரை வெளியிட்டதையும், டி.வி.எஸ். நிறுவனம் 2023-இல் மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப் பந்தயத் தொடரைத் தொடங்கியதையும் இவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆனால் நிறுவனத்தின் பந்தயக் காரும் குடும்பம் ஏறிச் செல்லும் காரும் ஒன்றல்ல. மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரை ஊர் ஒன்றில் வசிக்கும் ஒருவர், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாக ஏறக்குறைய 70 கி.மீ. பயணம் செய்து தம் மின்சாரக் காரை இத்தடத்துக்குக் கொண்டுவருவதாகக் கொள்வோம். வழியிலேயே சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்பதுதான் அவருக்கு முதலில் எழும் அச்சமாக இருக்கும். ஆனால் தடத்தில் இறங்கிய பிறகு அவர் கருத வேண்டியது வேறொன்று.

மின்கலங்களில் தேங்கும் ஆற்றல் கிலோவாட் மணி என்னும் அலகால் அளக்கப்படுகிறது; வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் எனப்படுவதும் இதுவே. சாலையில் நிதானமாகச் செல்லும் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் அளவில் செலவிடுமானால், முழு வேகத்தில் முடுக்குவதும் முழு அழுத்தத்தில் பிரேக் பிடிப்பதும் மாறி மாறி நிகழும் பந்தயத் தடத்தில் அது மும்மடங்கையும் தாண்டி 0.5 யூனிட்டை எட்டலாம். ஏழு சுற்றுகள் என்றால் 26 கி.மீ.; செலவு 13 யூனிட். 60 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரிக்கு இது பெரிய இழப்பன்று. கணக்குப்படி இத்தகைய நான்கு ஓட்டங்களுக்கு அது தாங்க வேண்டும். எனினும் முதல் ஓட்டம் முடியுமுன்பே சில கார்களின் இழுவை குறைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினாலும் முதல் சுற்றில் கிடைத்த வேகம் ஐந்தாம் சுற்றில் கிடைப்பதில்லை. காரணம் வெப்பம்.

மின்னோட்டம் பாயும் எந்தப் பொருளிலும் வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் ஜூல் விதி. 400 வோல்ட் பேட்டரி உள்ள கார் நெடுஞ்சாலையில் சீராகச் செல்ல 40 ஆம்பியர் போதுமென்றால், தடத்தில் முழு முடுக்கத்தின்போது அது 400 ஆம்பியரை இழுக்கக்கூடும். மின்னோட்டம் பத்து மடங்கு, பேட்டரிக்குள் பிறக்கும் வெப்பமோ நூறு மடங்கு. முடுக்கம் சில நொடிகளே நீடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பெரும் மின்னோட்டத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால், அந்நேரத்திலும் வெப்பம் பிறந்துகொண்டேயிருக்கிறது. பேட்டரிக்கு இளைப்பாற நேரமே கிடைப்பதில்லை.

லித்தியம் அயனி மின்கலங்கள் பொதுவாக 20 முதல் 40 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நன்றாக இயங்குகின்றன. அதைக் கடந்து சூடு ஏறும்போது மின்கலங்களின் ஆயுளைக் காக்க, காரின் கட்டுப்பாட்டுக் கணினி மோட்டாருக்குச் செல்லும் திறனைத் தானாகவே குறைக்கிறது. புதிதாகத் தடத்துக்கு வருபவர்கள் இதைக் கோளாறு என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இது காரைக் காக்கும் ஏற்பாடு. பேட்டரியைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் தன் வெப்பத்தை ரேடியேட்டர் வழியாக வெளிக்காற்றில் விடுகிறது. காற்றே 40 பாகையில் இருக்கும் சித்திரை, வைகாசி நண்பகலில் அந்த ரேடியேட்டரால் அதிகம் செய்ய இயலாது. அப்போது ஏ.சி. கருவியின் உதவியால்தான் கூலன்டைக் குளிர்விக்க வேண்டும். அதற்கும் பேட்டரியே மின்சாரம் தர வேண்டியிருக்கிறது. கடற்காற்று மாமல்லபுரக் கரையை நண்பகல் வாக்கிலேயே தணித்துவிடும் நாட்களிலும், உள்நாட்டில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையை அது தாமதமாகவே அடைகிறது. ஆகவே மார்கழி, தை மாதங்களின் காலை வேளையே மின்சாரக் காருக்கு உகந்தது. மிதமான வேகத்தில் ஒரு சுற்று, முழு வேகத்தில் இரண்டு சுற்று, பின்னர் பிரேக்கைத் தொடாமல் சூடு தணியச் செல்லும் ஒரு சுற்று என்ற ஒழுங்கைப் பின்பற்றுபவர், ஏழு சுற்றும் விடாமல் விரட்டுபவரைவிட அதிகமான நல்ல சுற்றுகளைப் பெறுவார். ஓட்டம் முடிந்த கையோடு அதிவேக சார்ஜரில் செருகினால் ஏற்கெனவே சூடான மின்கலங்கள் மேலும் சூடேறும் என்பதால், சற்று ஆறவிட்டுச் சார்ஜ் செய்வதே முறை.

பிரேக் தனியாக நோக்கத்தக்கது. இரண்டு டன் எடையுள்ள கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு இறங்கும்போது அது இழக்கும் இயக்க ஆற்றல் 0.47 யூனிட். மூன்று நொடிகளுக்குச் சற்றே கூடுதலான நேரத்துக்குள் இந்த ஆற்றல் எங்காவது சென்றாக வேண்டும். அதாவது சராசரியாக 540 கிலோவாட் வீதத்தில். மோட்டார் 100 கிலோவாட் வீதத்தில் அதைத் திரும்பப் பெறுமெனக் கொண்டால், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பேட்டரிக்கு மீள்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சக்கரங்களில் உள்ள பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்குகிறது. பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகியிருந்தால் மீளும் ஆற்றலை ஏற்க அதில் இடமிராது என்பதால் அந்தப் பங்கும் குறையும். 2023-இல் களமிறங்கிய மூன்றாம் தலைமுறை ஃபார்முலா இ கார், 600 கிலோவாட் வரை திரும்பப் பெறும் திறனுடன், பின்சக்கரங்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கே இல்லாமல் வடிவமைக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று ஹைதராபாத் தெருக்களில் ஓடிய கார்கள் அவையே. வீட்டுக் காரிடம் அத்தகைய திறனை எதிர்பார்ப்பது ஆபத்து.

கடற்கரைவாசிகள் இங்கே மேலும் ஒன்றைக் கருத வேண்டும். அன்றாட ஓட்டத்தில் மோட்டாரே வேகத்தைத் தணித்துவிடுவதால் மின்சாரக் காரின் பிரேக் பேட்கள் டிஸ்க்கை அரிதாகவே தொடுகின்றன. உப்புக்காற்று வீசும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிற்கும் காரில், தேய்த்துத் துடைக்க யாருமில்லாத அந்த இரும்பு டிஸ்க்குகளில் துரு படிகிறது. பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 எனப்படும் வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 பாகை; ஈரம் கலந்த பின்னர் தர விதி கோருவது 155 பாகை மட்டுமே. தடத்தின் வெப்பத்தில் அந்த ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றினால், மிதித்த மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது. எனவே தடத்துக்குச் செல்லுமுன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுவதும், டிஸ்க்குகளைச் சக்கரம் கழற்றிச் சோதிப்பதும் தவிர்க்கக்கூடாத பணிகள்.

பேட்டரியின் எடை டயர்களையும் வருத்துகிறது. வளைவுகளில் வெளிப்புறச் சக்கரங்கள் விரைவில் தேயும். எஞ்சின் ஒலியும் கியர் மாற்றமும் இல்லாததால் தன் வேகத்தைக் காதால் உணரப் பழகியவர் அதை இழக்கிறார். வளைவை நெருங்குகையில் நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டதை உணர்வார்.

சட்டமும் காப்பீடும் பற்றித் தெளிவு தேவை. இந்தியாவில் தனிக்கார்களுக்கான வழக்கமான காப்பீட்டுப் பத்திரம் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே வைக்கிறது. தடத்தில் ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலும் உரிமையாளரே ஏற்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து வருவது நல்லது. அரசின் அனுமதியின்றிப் பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவதோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேர வேகப் பந்தயங்கள் பறித்த உயிர்களை நினைக்கும்போது, ஓசையின்றி நொடிகளில் நூறைத் தொடும் வண்டிகள் பெருகும் இக்காலத்தில், வேக ஆசை கொண்ட இளைஞர்கள் எட்டக்கூடிய கட்டணத்தில் தடம் திறந்திருப்பது பொதுநலன் சார்ந்த தேவையாகவே தோன்றுகிறது.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவையும் மாறுகின்றன. ஃபார்முலா இ கார்களில் உயர் மின்னழுத்தம் பாதுகாப்பாக உள்ளதா என்பதைப் பச்சை, சிவப்பு விளக்குகள் காட்டும். சிவப்பு எரியும் காரை மின்காப்புக் கையுறையின்றி மார்ஷல் தொடக் கூடாது. வீட்டுக் கார்களில் அத்தகைய விளக்கு இல்லை. மின்கலம் ஒன்று நசுங்கிச் சூடேறி அடுத்ததையும் எரியத் தூண்டும் தொடர்வினை தொடங்கிவிட்டால், தீயை மூடி அணைப்பது போதாது. ஏராளமான நீரைப் பாய்ச்சி மின்கலத் தொகுப்பையே குளிர்விக்க வேண்டும். பி.இ. 6 போன்ற கார்களில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் ஒப்பீட்டளவில் வெப்பத்தை நன்கு தாங்குவன என்றாலும், எந்த வகையும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. அணைந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மீண்டும் தீப்பற்றக்கூடும் என்பதால், அடிபட்ட மின்சாரக் காரை மற்ற வண்டிகளிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்திக் கண்காணிக்கத் தனி இடம் வேண்டும். இக்கார்களை உருவாக்கும் பொறியாளர்களும் தடத்தில் கொடி பிடிக்கும் தன்னார்வலர்களும் ஒருவருக்கொருவர் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கும் இப்பகுதியில், எந்தக் காரில் மின் துண்டிப்பு விசை எங்கே உள்ளது, எந்த வயரைத் தொடக் கூடாது என்பதைப் பின்னவர்களுக்கு முன்னவர்களே நேரில் கற்றுத் தரும் பயிற்சியை, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நடத்துவது எளிது.