ரெண்டு லைன் இருந்தும் நின்றுபோன பங்குச்சந்தை! - உங்கள் கடையின் 'பேக்கப்' கைகொடுக்குமா?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது வடசென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. துறைமுக கேட்டில் லாரி எண், கன்டெய்னர் எண் எல்லாமே இன்று கம்ப்யூட்டரில் சரிபார்க்கப்படுகின்றன. அந்தக் கம்ப்யூட்டர்களையும் கேமராக்களையும் இணைப்பது 'நெட்வொர்க் ஸ்விட்ச்' என்ற சின்னப் பெட்டிதான். அது மக்கர் செய்தால், வெளியே லாரிகளும் நிற்கும்.

அதனால்தான் முக்கியமான இடங்களில் ஸ்விட்ச், கேபிள், மின் இணைப்பு என எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைக்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே! ஆனால், இரண்டு இருந்தால் மட்டும் போதுமா?

ஆபத்து ஒன்றுதான்!

2021, பிப்ரவரி 24. தேசிய பங்குச்சந்தையில் காலை 11.40 மணிக்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. இத்தனைக்கும் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தார்கள். அன்று இரண்டிலுமே கோளாறு! வழியில் நடந்த சாலை தோண்டும் பணியும் கட்டுமானப் பணியும்தான் காரணம் என்று பின்னர் விளக்கம் தந்தது பங்குச்சந்தை. இணைப்பு தடுமாறியதில் தகவல் சேமிப்பு அமைப்பும் முடங்க, ரிஸ்க் கண்காணிப்பு நின்றுபோனது. நிறுவனங்கள் இரண்டு, ஆபத்து ஒன்று.

நம் கடைகளிலும் இதே கதைதான். ராயபுரத்தில் ஒரு மளிகைக் கடை இரண்டு இன்டர்நெட் இணைப்பு வாங்கலாம். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கினால்? 2016 வர்தா புயலில் சாய்ந்த கம்பங்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு மோடமும் ஒரே பிளக் போர்டில் இருந்தாலும் அதே நிலைதான்.

பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

* முதலில் விளக்கைப் பாருங்கள். எந்த விளக்குமே எரியவில்லை என்றால், மின்சாரம் அல்லது அடாப்டரில் சந்தேகம்.

* ஒரு போர்ட்டில் மட்டும் விளக்கு இல்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு வேறு போர்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் குற்றவாளி சிக்கும்.

* கடலோரத்தில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா எனப் பாருங்கள்.

* எல்லா விளக்கும் ஓயாமல் படபடவெனச் சிமிட்டி, நெட் மட்டும் வரவில்லையா? ஒரே கேபிளின் இரு முனையும் அதே ஸ்விட்ச்சில் செருகப்பட்டிருக்கலாம். தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே அடைத்துவிடும். இதைத் தடுக்கும் வழியை 1985-ல் உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் பொறியாளர். விலை குறைந்த பல ஸ்விட்ச்களில் அந்த வசதி இருக்காது.

ஒருமுறை கழற்றிப் பாருங்கள்!

பேக்கப்பில் பெரிய சிக்கல், அது சத்தமில்லாமல் செத்துப்போவது. மெயின் லைன் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. எனவே, மாதம் ஒருமுறை கூட்டமில்லாத நேரத்தில் மெயின் லைனை நீங்களே கழற்றுங்கள். பில் போடுகிறதா, க்யூஆர் பணம் வருகிறதா என்று பாருங்கள்.

வரவில்லையா? நல்லது. புயலுக்கு முன்பே தெரிந்துவிட்டதே!