காயமடைந்த வீரரிடம் தீர்ப்பை ஒப்படைக்கலாகாது

2019 ஓகஸ்ட் 17 ஆம் திகதி, லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட் போட்டி நடைபெற்றுக் கொண்டிருந்தது. 80 ஓட்டங்களுடன் ஆடிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தை, ஜொப்ரா ஆர்ச்சர் மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீற்றர் வேகத்தில் வீசிய பந்து தாக்கியது. நிலத்தில் வீழ்ந்த ஸ்மித், பின்னர் மைதானத்தை விட்டு வெளியேறினார். மருத்துவப் பரிசோதனைகளில் குறையெதுவும் காணப்படாததால் ஒரு மணித்தியாலத்துக்குள் மீண்டும் களமிறங்கி, 92 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். ஆனால், மறுநாள் காலை தலைவலியுடனும் மந்தநிலையுடனுமே அவர் கண்விழித்தார். அவருக்கு ஏற்பட்டிருந்தது மூளையதிர்ச்சி என்பது அதன் பின்னரே உறுதியாயிற்று. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் ஆடினார். டெஸ்ட் வரலாற்றில் மூளையதிர்ச்சியின் காரணமாகச் சேர்க்கப்பட்ட முதலாவது மாற்று வீரர் அவரே.

தேர்ச்சி பெற்ற மருத்துவக் குழுவொன்று அருகிலிருந்தும் நிலைமை இவ்வாறெனின், வைத்தியரே இல்லாத பாடசாலை மைதானமொன்றில் தலையில் அடிபட்ட மாணவன் தொடர்ந்து ஆடலாமா, கூடாதா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? விளையாட்டு வீரர்களின் பாதுகாப்புக்கான பொறுப்பு பற்றிய விவாதம் முழுவதும் இக்கேள்வியிலேயே தங்கியிருக்கிறது.

மூளை மிக மென்மையானதோர் உறுப்பு. மண்டையோட்டினுள் அது திரவத்தினால் சூழப்பட்டிருக்கின்றது. தலையிலோ உடலிலோ பலத்த அடி விழுந்து தலை திடீரெனக் குலுங்கும்போதும் திரும்பும்போதும், மூளையும் உள்ளே அசைந்து இழுபடுகின்றது. இதனால் நரம்புக் கலங்களின் இரசாயனச் சமநிலை குலைந்து, அவற்றின் செயற்பாடு சில காலத்துக்குத் தடைப்படுகின்றது. இதுவே மூளையதிர்ச்சி எனப்படுகின்றது. எலும்பு முறிவைப் போன்று இது படத்தில் தெரிவதில்லை. சி.ரி. ஸ்கேன் பரிசோதனை பெரும்பாலும் வழமையான நிலையையே காட்டும். நினைவிழந்தால் மட்டுமே மூளையதிர்ச்சி என எண்ணுவதும் தவறு. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், பார்வை மங்குதல், தடுமாற்றம், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டல், காரணமற்ற எரிச்சல் ஆகியனவே இதன் பொதுவான அறிகுறிகள். இவை சில மணித்தியாலங்கள் கழித்தும் தோன்றலாம். தலைக்கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்க வல்லது. ஆயினும், உள்ளேயுள்ள மூளை அசைவதை அதனால் முற்றாகத் தடுத்துவிட முடியாது.

இங்கேதான் ஏனைய காயங்களுக்கும் இதற்கும் இடையிலான முக்கிய வேறுபாடு உள்ளது. கால் முறிந்தவர் தம்மால் ஓட முடியாது என்பதை அறிவார். மூளையதிர்ச்சிக்கு உள்ளானவரிடத்திலோ, தமது நிலையை மதிப்பிட வேண்டிய உறுப்பே பாதிப்படைந்திருக்கின்றது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் கூறுவதைச் சான்றாகக் கொள்ள முடியாது. 2019 பெப்ரவரியில் கன்பரா டெஸ்ட் போட்டியில் நமது வீரர் குசல் பெரேராவின் தலைக்கவசத்தை ஜெய் ரிச்சர்ட்சனின் பந்து தாக்கிய சம்பவத்தை இரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிகிச்சையின் பின்னர் தொடர்ந்து ஆடிய அவர், சிறிது நேரத்திலேயே மைதானத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதற்கு முதல் நாளே பற் கமின்ஸின் பந்து தாக்கி, திமுத் கருணாரத்ன தூக்குப்படுக்கையில் கொண்டு செல்லப்பட்டிருந்தார்.

அன்றைய டெஸ்ட் விதிகளின்படி, இவ்வாறு வெளியேறும் துடுப்பாட்ட வீரருக்குப் பதிலாக வேறொருவர் துடுப்பெடுத்தாட முடியாது. வெளியேறினால் அணிக்கு ஒருவர் குறைவு. இந்த நெருக்குதலின் கீழ் வீரரும் அணியின் வைத்தியரும் எடுக்கும் முடிவு எவ்வாறு சுதந்திரமானதாக இருக்க முடியும்? சர்வதேச கிரிக்கெட் பேரவை 2019 ஓகஸ்ட் 1 முதல் மாற்று வீரரை அனுமதித்ததன் முக்கியத்துவம் இதுவே. வீரரின் துணிச்சலையும் தியாகத்தையும் நம்பியிருப்பதை விடுத்து, அவர் வெளியேறுவதால் அணிக்கு ஏற்படும் நட்டத்தையே அவ்விதி குறைத்தது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆபத்து இன்னும் பெரிது. முதலாவது அடியிலிருந்து மூளை குணமடையுமுன் இரண்டாவது அடி விழுமாயின், அரிதாகவேனும் மூளை வேகமாக வீங்கி உயிராபத்து ஏற்படலாம். 2006 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சக்கரி லிஸ்டெட் என்ற 13 வயது மாணவன் அமெரிக்கக் காற்பந்துப் போட்டியொன்றில் தலையில் அடிபட்டான். சிறிது ஓய்வின் பின்னர் அதே போட்டியில் மீண்டும் ஆட அனுமதிக்கப்பட்டு, போட்டி முடிந்ததும் நிலைகுலைந்து வீழ்ந்தான். உயிர் தப்பினான்; ஆனால், மீண்டும் பேசவும் நடக்கவும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அவனது பெயரில் 2009 இல் அம்மாநிலம் சட்டமொன்றை இயற்றியது. மூளையதிர்ச்சி எனச் சந்தேகிக்கப்படும் மாணவர் உடனடியாக ஆட்டத்திலிருந்து நீக்கப்பட வேண்டும். தகுதிவாய்ந்த மருத்துவத் துறையினர் எழுத்து மூலம் அனுமதிக்கும் வரை திரும்பக் கூடாது. ஆபத்தை விளக்கும் பத்திரத்தில் பெற்றோரும் மாணவரும் ஆண்டுதோறும் ஒப்பமிட வேண்டும் என்பன அதன் சாரம். 2014 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இவ்வகைச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.

பொறுப்பைத் தட்டிக்கழித்தால் விளைவது யாது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2002 இல் காலமான அமெரிக்கக் காற்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த வைத்தியர் பெனற் ஒமாலு, திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய மூளைச் சிதைவை அதில் கண்டு, 2005 இல் வெளியிட்டார். அந்நாட்டின் தேசிய காற்பந்து லீக் இதனை ஏற்க மறுத்தது. இறுதியில் முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் பெருந்தொகை நட்டஈடு வழங்க உடன்பட நேர்ந்தது. 2003 இல் இங்கிலாந்து றக்பி உலகக் கிண்ணத்தை வென்றபோது அணியில் ஆடிய ஸ்டீவ் தொம்சன், அந்த வெற்றியே தமக்கு நினைவில் இல்லை என 2020 டிசெம்பரில் தெரிவித்தார். 42 வயதிலேயே அவர் மறதி நோய்க்கு உள்ளாகியிருந்தார். கிண்ணம் நாட்டுக்குக் கிடைத்தது. அதன் நினைவு வீரரிடம் இல்லை.

நமது நாட்டிலும் பாடசாலைக் கிரிக்கெட், றக்பி, உதைபந்தாட்டப் போட்டிகள் வெறும் போட்டிகளாக மட்டும் இருப்பதில்லை. வடக்கின் பெரும் சமராயினும் பிரட்பி கேடயமாயினும், அவை பாடசாலையின் மானப் பிரச்சினையாகவே கருதப்படுகின்றன. பழைய மாணவர்களின் ஆரவாரத்துக்கு மத்தியில் "தலை சுற்றுகிறது சேர்" என்று சொல்ல 17 வயது மாணவனுக்குத் துணிவு வராது. அவனுக்காக அதைச் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்களே.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சந்தேகம் எழுந்தால் வெளியேற்றுவது, அன்றைய தினம் மீண்டும் களமிறக்காதிருப்பது என்பனவே அடிப்படை விதிகள். தொழில்முறை சாராத விளையாட்டுகளுக்காக 2023 இல் பிரித்தானியா வெளியிட்ட வழிகாட்டல், மூளையதிர்ச்சி ஏற்பட்டு 21 நாட்களுக்கு முன்னர் எவரும் போட்டிக்குத் திரும்பலாகாது என்கிறது. அதிபர்கள் ஒவ்வொரு போட்டிக்கும், வெற்றி தோல்வியில் சம்பந்தமற்ற ஒருவரிடம் வெளியேற்றும் அதிகாரத்தை ஒப்படைக்கலாம். அவரது முடிவைப் பயிற்றுவிப்பாளரோ பெற்றோரோ மாற்ற முடியாதிருக்க வேண்டும். வாந்தி, கடும் தலைவலி, மயக்கம், வலிப்பு போன்றன காணப்படின் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீடு திரும்பும் மாணவனை அன்றிரவு தனியே விடாது கவனிப்பது பெற்றோரின் கடமை.

தோற்ற போட்டியை அடுத்த ஆண்டு வென்றுவிடலாம். பிள்ளையின் மூளைக்கு நேரும் நிரந்தரப் பாதிப்பை எந்தக் கேடயத்தாலும் ஈடுசெய்ய இயலாது. பருவகாலம் ஆரம்பமாகுமுன் இதனைக் கவனத்திற்கொள்வது அதிபர்கள், பயிற்றுவிப்பாளர்கள், பெற்றோர் அனைவரதும் பொறுப்பாகும்.