பூட்டிய கடைக்குள் இருக்கும் கணனியை எழுப்புவது எப்படி?

2022 ஆம் ஆண்டை எமது வியாபாரிகள் இலகுவில் மறக்கமாட்டார்கள். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எரிபொருள் வரிசை வேறு. அந்த நாட்களில் ஒரு காலை, புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் தொலைபேசி எடுத்தார்.

"மகன், கம்பியூட்டர் எழும்புதில்ல. லொறி வந்து நிக்குது. பில் போட ஏலாம இருக்கு."

அவரது இருப்பு, கடன் பாக்கி எல்லாம் மேல்தட்டில் இருக்கும் ஒரு லினக்ஸ் கணனியில்தான் உள்ளன. அதற்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. யாரும் கை வைக்க வேண்டாமென்று சொல்லி வைத்தவனும் நான்தான். அக்குறணையிலிருந்து பஸ் ஏறி, லுஹர் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்துக் கடையில் திரையொன்றை இரவல் வாங்கிப் பொருத்தினால், தொடர்வதற்கு 'எஃப்1' ஐ அழுத்துமாறு ஒரு வரி. அழுத்தினேன், எழும்பியது. மதர்போர்டில் உள்ள காசளவு பட்டரி செத்திருந்தது, அவ்வளவுதான்.

"இந்த ஒரு பொத்தான அமத்தவா மகன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் ஹாஜியார். லொறி எப்போதோ போயிருந்தது.

தூரத்திலிருந்து கணனியை இயக்கும் மென்பொருள் அதில் இல்லாமலில்லை. ஆனால் அத்தகைய மென்பொருள் எல்லாம் கணனி எழும்பிய பின்னரே வேலை செய்யும். எழும்பாத கணனிக்குத் தேவை 'கேவிஎம்'. கீபோர்ட், வீடியோ, மவுஸ் ஆகிய மூன்றையும் வெளியிலிருந்து பிடித்து, வலையமைப்பு வழியாக எமக்குத் தரும் தனிப் பெட்டி அது. (லினக்ஸில் இதே பெயரில் மெய்நிகர் கணனிகளுக்கான வேறொரு வசதி 2007 முதல் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெரிய நிறுவனங்களின் சேர்வர்களில் இது உள்ளேயே வரும். சாதாரணக் கடைக் கணனியில் வராது.

நான் தெரிவு செய்தது 'பைகேவிஎம்'. மூலநிரல் திறந்தது, மாதக் கட்டணம் கிடையாது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை பாய்ந்த அந்த ஆண்டில் அது சிறு விடயமல்ல. ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணனி, எச்டிஎம்ஐ படத்தைப் பிடிக்கும் சிறு கருவி, மெமரி கார்ட், வயர்கள். இவ்வளவே சாமான். பழைய கணனியில் விஜிஏ மட்டும்தான் இருந்தால் அதனை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் கருவியும் வேண்டும்.

நிறுவுவது கடினமல்ல. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அதன் கோப்பை இறக்கி, மெமரி கார்டில் எழுதி, பையில் செருகி மின்சாரம் கொடுக்க வேண்டும். முதல் தடவை எழும்பச் சில நிமிடங்கள் எடுக்கும். பொறுமையிழந்து வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். பின்னர் ரவுட்டரில் அதன் முகவரியைப் பார்த்து பிரவுசரில் திறந்தால், கடைக் கணனியின் கறுப்புத் திரை அப்படியே தெரியும்.

எனக்குக் காலை வாரியது ஒரு வயர். பை 4 இல் மின்சாரம் வாங்குவதும், கடைக் கணனிக்குத் தன்னைக் கீபோர்டாகக் காட்டுவதும் ஒரே யுஎஸ்பி-சி துளைதான். ஆகவே மின்சாரத்தையும் தரவையும் பிரிக்கும் இரட்டை வயர் தேவை. நான் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரைப் போட்டுவிட்டு, படம் வருகிறது, எழுத்து வரவில்லையே என்று ஒரு இரவு முழுக்க மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மின்வெட்டு நாட்டவர்களான எமக்குப் பொருந்தும் அம்சமொன்றும் இதில் உண்டு. மெமரி கார்ட் எப்போதும் வாசிப்பு நிலையிலேயே இருப்பதால் திடீரென மின்சாரம் போனாலும் பழுதாகும் வாய்ப்பு குறைவு. மாற்றம் செய்யும்போது மட்டும் 'ஆர்டபிள்யூ' என்ற கட்டளையால் திறந்து, முடிந்ததும் 'ஆர்ஓ' என மூடவேண்டும்.

அப்படித் திறந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. இது 'அட்மின்' என்ற பெயரும் அதே கடவுச்சொல்லுமாகத்தான் வருகிறது. உள்ளே இருக்கும் 'ரூட்' கணக்கும் அப்படித்தான். இரண்டையும் மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். ரவுட்டரில் கதவைத் திறந்து இணையத்தில் நேரடியாக விடவே கூடாது. டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்ட் போன்ற தனிவழி ஊடாக மட்டுமே நுழையுங்கள். இந்தப் பெட்டியைக் கைப்பற்றியவன் உங்கள் கணனியின் முன் கதிரை போட்டு அமர்ந்தவனுக்குச் சமம். பிறரது கடன் கணக்கு எம்மிடமுள்ள அமானிதம். ஹாஜியாரின் கடவுச்சொற்களை உறையிலிட்டு அவரது பெட்டகத்திலேயே வைத்தேன். என்னை நம்புகிறார் என்பதற்காக என்னிடம் மட்டும் இருப்பது முறையல்ல.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருளில் மூழ்கியது என்றார்கள். மாலையில் கொழும்புக்கு மின்சாரம் வந்ததும் வீட்டிலிருந்து பார்த்தேன். கணனி பாதிவழியில் நின்று, பழுது பார்க்க ரூட் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது. வன்தட்டில் பிழை. வலையமைப்பே எழும்பாத அந்நிலையில் பழைய மென்பொருளால் ஒன்றும் ஆகியிராது. கடவுச்சொல்லைக் கொடுத்து, வன்தட்டைச் சரிபார்க்கும் கட்டளையை ஓடவிட்டு, மீண்டும் இயக்கினேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

திங்கட்கிழமை காலை ஹாஜியார் அழைத்தார். "மகன், நேத்து கரண்ட் போனதே, கம்பியூட்டருக்கு ஒண்டும் ஆகலியே?" பில் போட ஆரம்பித்து ஒரு மணித்தியாலத்திற்குப் பிறகுதான் அவருக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது.