பாஸா, டிக்கட்டா?

கோபே நகரில் வேலை செய்யும் மாமாவை உம்மும்மா கண்டு ஏழு வருடங்கள். விசா கிடைத்த அன்றே வாப்பா, "அஞ்சு பேருக்கும் ஜப்பான் ரெயில் பாஸ் எடுத்துடுவோம், அதுதான் மலிவாம்" என்றார். முன்பொரு தடவை போய்வந்த அயலவர் சொன்ன புத்தி அது. உயர்தரத்தில் வர்த்தகம் படிப்பவள் என்பதால் கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அயலவர் சொன்னது அவர் போன காலத்துக்குச் சரி. ஏழு நாள் பாஸ் அப்போது 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதிவேகப் புகையிரதத்தில் போய்வரவே 28,000 யென் அளவில் முடியும். இன்னொரு சிறு பயணம் சேர்ந்தால் பாஸ்தான் இலாபம். ஆனால் 2023 ஒக்டோபர் முதலாம் திகதி அதன் விலை 50,000 யென்னாக உயர்ந்தது. பழைய புத்தியைப் புதிய விலைக்குப் பொருத்தினால் பை காலியாகும்.

எங்கள் பாதையை எழுதிப் பார்த்தேன். டோக்கியோ - கோபே ஏறக்குறைய 15,000. கோபே - ஹிரோஷிமா 10,500. ஹிரோஷிமாவிலிருந்து நேரே டோக்கியோ 19,500. மொத்தம் 45,000. தனித்தனி டிக்கட்டே வென்றது. ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டிலும் பாதிக் கட்டணம் என்பதால் தம்பியால் இந்த முடிவு மாறவில்லை.

பிரச்சினை உம்மும்மாவால் வந்தது. "எனக்கு ஹிரோஷிமா வேணாம் மகள். நான் மகன்ட வீட்டுல இருக்கிறன்" என்றார். அப்படியானால் நாங்கள் கோபேக்குத் திரும்பி வந்துதான் அவரைக் கூட்டிப் போக வேண்டும். எங்கள் செலவு 51,000 ஆனது. பாஸ் ஆயிரம் யென்னால் முந்தியது! உம்மும்மாவுக்கோ போகவர 30,000தான். அவருக்கும் பாஸ் எடுத்தால் 20,000 யென் வீண். அதைவிடப் பயம் எனக்கு வேறு: பாஸை வாங்கிவிட்டால், "காசு கட்டியாச்சு, நீங்களும் வாங்க" என்று வாப்பா அவரையும் இழுத்துப் போவார். முழங்கால் வலியோடு ஒரு முழு நாள்!

பாஸை ஒருவர் பெயரில் எடுத்து இன்னொருவர் பாவிக்க முடியாது. ஏழு நாளும் தொடர்ச்சியாக ஓடும். வீட்டில் இருந்தாலும் நாள் கழியும். மிக வேகமான நொசோமியில் ஏற மேலதிகக் கட்டணமும் உண்டு. ஐந்து பேர் போகிறோம் என்பதற்காக ஐந்து பேருக்கும் ஒரே வகைச் சீட்டு எடுக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இது முதலில் தோன்றவில்லை.

தேடியபோது மேற்குப் பகுதிக்கு மட்டுமான கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் அகப்பட்டது. ஐந்து நாளுக்கு 17,000 யென். கோபே - ஹிரோஷிமா அதிவேகப் புகையிரதம் அதற்குள் அடக்கம். டோக்கியோ போகவர 30,000 யென்னுக்குத் தனி டிக்கட், நடுவில் இந்தப் பாஸ்: ஆளுக்கு 47,000. தம்பிக்குப் பாதி. உம்மும்மாவுக்கு டிக்கட் மட்டும். எல்லாம் கூட்டினால் 1,94,500. ஐந்து பேருக்கும் பெரிய பாஸ் எடுத்திருந்தால் 2,25,000.

வாப்பா தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு, "டிக்கட்டுல ரயில் தவறினா காசு போயிடுமே" என்றார். போகாது. ஆசனம் பதிந்த ரயிலைத் தவறவிட்டால் அதே நாளில் அடுத்த ரயில்களின் பதிவில்லாப் பெட்டியில் ஏறலாம். ஆசனம் கிடைப்பது அதிர்ஷ்டம். இது எங்களுக்கே நடந்தது. திரும்பும் நாள் வெள்ளிக்கிழமை. 1935 இல் திறக்கப்பட்ட கோபே பள்ளிவாசலில் வாப்பாவும் தம்பியும் ஜும்ஆ தொழுது வர, பதிந்திருந்த ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் அல்ஹம்துலில்லாஹ், ஐவருக்கும் இடம் கிடைத்தது, ஆனால் வெவ்வேறு வரிசைகளில்.

ஹிரோஷிமாவிலிருந்து நாங்கள் திரும்பிய இரவு, உம்மும்மா மாமாவின் சின்னக் குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். உரலை ஊரிலிருந்து துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார், எங்களுக்குச் சொல்லவேயில்லை.